தொழில் நடத்தும் கத்தோலிக்கப் பெண்கள்: செபம், நிர்வாகம், உடல்நலம், வாசிப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சபை கேட்காததைத் தலையில் சுமந்துகொண்டு, அது உண்மையாகவே கேட்பதைக் கவனிக்காமல் விடுவது நிறையப் பேருக்கு நடக்கிறது. கீழே உள்ள கேள்விகளில் பல அந்தக் குழப்பத்திலிருந்து வருபவை. அதனால் சட்டம் எது, நாமாகச் சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்தே பதில் சொல்லியிருக்கிறோம். மருத்துவக் குறிப்புகள் பொதுவானவை. மாத்திரை, அளவு எல்லாம் உங்களைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதுதான்.

நிறுவனத் தலைமைப் பொறுப்பு பெண்ணின் அழைத்தலுக்கு எதிரானதா?

இல்லை. பிலிப்பியில் பவுலின் போதனையைக் கேட்டுத் திருமுழுக்குப் பெற்ற லீதியா செந்நிற ஆடை வணிகம் செய்தவர் (திருத்தூதர் பணிகள் 16:14-15). நீதிமொழிகள் 31இல் வரும் பெண் நிலத்தைப் பார்த்து வாங்குகிறாள், நெய்த துணியை வணிகரிடம் விற்கிறாள். 1995இல் பெண்களுக்கு எழுதிய மடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், வேலை பார்க்கும் பெண்களுக்கென்றே தனியாக நன்றி சொல்கிறார்.

நமக்கு நெருக்கமான முன்மாதிரி வேண்டும் என்றால் புனித செலி மார்ட்டினைப் பாருங்கள். குழந்தை தெரசாளின் தாயார். பிரான்சின் அலான்சோன் நகரில் 1853 முதல் ஊசிப் பின்னல் சரிகைத் தொழில் நடத்தினார். பெண்கள் வீட்டிலிருந்தே பின்னிக் கொடுத்த துண்டுகளை வாங்கி ஒன்றாக இணைத்து விற்பதுதான் அவர் தொழில். அது வளர்ந்தபோது கணவர் லூயி 1870இல் தம் கடிகாரக் கடையை விற்றுவிட்டு மனைவியின் தொழிலில் சேர்ந்தார். 2015 அக்டோபர் 18 அன்று இருவரும் தம்பதியராகவே புனிதர் பட்டம் பெற்றார்கள்.

நாளுக்கு எவ்வளவு நேரம் செபிக்க வேண்டும்?

பொதுநிலையினருக்குத் திருச்சபை நிமிடக் கணக்கு எதுவும் வைக்கவில்லை. நடைமுறையில் நிலைத்து நிற்பது மூன்று நேரம்: காலையில் கைப்பேசியைத் தொடும் முன் பத்து நிமிடம், நண்பகலில் மூவேளை செபம் (இரண்டு நிமிடம் கூட ஆகாது), இரவில் ஐந்து நிமிடம் ஆன்ம சோதனை (அன்று செய்ததையும் செய்யாமல் விட்டதையும் இறைவன் முன் எண்ணிப் பார்ப்பது). "வேலை முடிந்ததும் செபிக்கிறேன்" என்று வைத்தால் அது நடக்காது, ஏனென்றால் நிறுவனம் நடத்துபவருக்கு வேலை முடிவதே இல்லை. காலைப் பத்து நிமிடத்தை நாட்குறிப்பில் ஒரு சந்திப்பாகவே குறித்துவையுங்கள்.

செபமாலையைப் பத்து பத்து மணிகளாகப் பிரித்து நாள் முழுக்கச் சொல்லலாம், தவறில்லை. நிறைபலன் (பாவத்துக்குரிய தண்டனை முழுவதும் நீங்கத் திருச்சபை தரும் அருள்) பெறும் நோக்கம் இருந்தால் மட்டும் ஐந்து பத்துமணிகளையும் இடைவிடாமல் சொல்ல வேண்டும்.

தொழில் பயணத்தில் ஞாயிறு திருப்பலி தவறிவிடுகிறது. என்ன செய்வது?

பயணச்சீட்டு எடுக்கும்போதே திருப்பலி நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். போய் இறங்கிய பிறகு தேடினால் கிடைப்பது கடினம். திருச்சபைச் சட்டம் 1248இன்படி ஞாயிறு அன்றோ, அதற்கு முந்தின மாலையிலோ, எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறைத் திருப்பலியில் பங்கேற்றாலும் கடமை நிறைவேறும். உங்கள் மொழியில் இருக்க வேண்டும் என்றில்லை, சொந்தப் பங்காக இருக்க வேண்டும் என்றும் இல்லை.

அப்படியும் வழியில்லை என்று முன்கூட்டியே தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். தகுந்த காரணம் இருந்தால் விலக்கு தரவோ, வேறு பக்திச் செயலாக மாற்றவோ அவருக்கு அதிகாரம் உண்டு (சட்டம் 1245). நோயுற்றிருப்பவரும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவரும் விலக்குப் பெற்றவர்களே. காய்ச்சலோடு போய் மயங்கி விழ வேண்டாம். நேரலையில் திருப்பலி பார்ப்பது நல்ல செபம். ஆனால் போக முடிகிறவருக்கு அது கடமையை நிறைவேற்றாது.

ஞாயிறு அன்று கடையைத் திறந்தால் பாவமா?

தொழிலைப் பொறுத்தது. மருத்துவமனை, போக்குவரத்து, உணவகம் போன்றவை ஞாயிறும் ஓடத்தான் வேண்டும். அங்கே கேள்வி "திறக்கலாமா" என்பதல்ல. வேலை செய்பவருக்கு வழிபடவும் ஓய்வெடுக்கவும் நேரம் கிடைக்கிறதா என்பதுதான். திருச்சபைப் போதனைகளின் தொகுப்பான மறைக்கல்வி ஏடு (எண் 2187) இதை முதலாளியின் கடமையாகவே சொல்கிறது. வார அட்டவணையில் ஒரே ஆள் தொடர்ந்து ஞாயிறு வேலையில் மாட்டாதபடி சுழற்சி வையுங்கள். ஞாயிறு வருபவருக்கு மாற்று விடுப்பு எந்த நாள் என்று அதே அட்டவணையில் எழுதுங்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட விடுப்பு யாருக்கும் கிடைத்ததில்லை.

இன்னொன்று: நீங்கள் திருப்பலி முடித்து வீட்டில் அமர்ந்து பணியாளர் குழுவுக்கு அனுப்பும் செய்தி. உங்களுக்கு அது ஒரு நினைவூட்டல். வாங்குபவருக்கு அது வேலை. எழுதிவிடுங்கள், ஆனால் திங்கள் காலை போகும்படி நேரம் குறித்து அனுப்புங்கள்.

முதலாளியாகத் திருச்சபை என்னிடம் மிகக் கண்டிப்பாக எதிர்பார்ப்பது எது?

கூலி. நியாயமான அளவில், சொன்ன நாளில். 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடல் முதல் இன்றுவரை இதில் தளர்வு கிடையாது. நியாயமான கூலியை மறுப்பதும் நிறுத்திவைப்பதும் பெரும் அநீதி ஆகலாம் என்கிறது மறைக்கல்வி ஏடு (எண் 2434). "அவர் ஒப்புக்கொண்டுதானே வேலைக்கு வந்தார்" என்பது மட்டுமே அந்தத் தொகையை நியாயமாக்கிவிடாது என்றும் அதே எண்ணில் சொல்கிறது. யாக்கோபு 5:4 இதைவிடக் கடுமை. நோன்பில் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டதற்காக வருந்துகிறவர், பத்து நாள் தாமதமான கூலியை நினைத்து வருந்தாவிட்டால் கணக்கு எங்கோ தலைகீழாக இருக்கிறது.

நல்ல மனசு மட்டும் இருந்து பயனில்லை, பண ஓட்டம் சரியாக இருக்க வேண்டும். செய்யக்கூடியவை:

கூலிக்கென்று தனி வங்கிக் கணக்கு திறங்கள். மாதம் 100 வரவு வந்தால் அதில் 30 கூலிக்குப் போகிறது என்று வையுங்கள். இனி உள்ளே வரும் ஒவ்வொரு தொகையிலும் 30 விழுக்காட்டை அன்றே அந்தக் கணக்குக்கு மாற்றுங்கள், கூட 3 விழுக்காடு சேமிப்பாக. பத்தே மாதத்தில் ஒரு மாதக் கூலி கையிருப்பாகச் சேர்ந்துவிடும். வாடிக்கையாளர் பாக்கி வைத்தால் அந்த இழப்பைத் தாங்க வேண்டியது நீங்கள், உங்கள் தையல்காரரோ கணக்கரோ அல்ல. இந்தக் கையிருப்பு அதற்குத்தான்.

பெரிய ஆர்டருக்கு மூன்றில் ஒரு பங்காவது முன்பணம் வாங்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம். கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் அந்தக் கூச்சத்துக்கான விலையைக் கடைசியில் கொடுப்பது தொழிலாளிதான்.

எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்தால் கணக்கை மணிக்கு மாற்றிப் பாருங்கள். கைதேர்ந்தவரை வைத்து அளக்காதீர்கள். நடுத்தர வேகமுள்ள ஒருவர் ஒரு முழு நாளில் எத்தனை முடிக்கிறார் என்று எண்ணுங்கள். நூல் மாற்றுவது, சரக்குக்குக் காத்திருப்பது, துடைத்து அடுக்குவது எல்லாம் அந்த நாளுக்குள் அடக்கம். மொத்தக் கூலியை மணிநேரத்தால் வகுத்தால் வருவதுதான் நீங்கள் உண்மையில் கொடுக்கும் மணிக்கூலி. சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலியோடு அதை ஒப்பிடுங்கள். இதைச் செய்யாத வரை நியாயமாகக் கொடுக்கிறோமா என்பது உங்களுக்கே தெரியாது.

கடைசியாக, உங்களுக்கும் ஒரு சம்பளம் நிர்ணயியுங்கள். "எனக்கு எதற்கு" என்று விட்டுவிட்டு, வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து அவ்வப்போது எடுப்பது தியாகம் போலத் தெரியும். மாதக் கடைசியில் கூலிப் பணம் குறைவதற்குப் பலமுறை இதுதான் காரணம்.

ஒப்புரவு அருட்சாதனத்துக்குத் தொழில் சார்ந்து எப்படித் தயாரிப்பது?

மறைக்கல்வி ஏட்டின் எண் 2409ஐ எடுத்து வரிவரியாகப் படியுங்கள். ஏழாம் கட்டளைக்கு (களவு செய்யாதே) எதிரானவை என்று அது அடுக்குவதில் அநியாயக் கூலி, வணிக மோசடி, வரி ஏய்ப்பு, பொய் ரசீது, பிறர் இக்கட்டைப் பயன்படுத்தி விலை ஏற்றுவது எல்லாம் உண்டு. அரைகுறையாகச் செய்த வேலையும் வீண்செலவும் கூட அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. பணம் சம்பந்தப்பட்டதென்றால் சொல்லிவிட்டு வருவதோடு முடியாது, ஈடு செய்ய வேண்டும் (எண் 2412). குறைத்துக் கொடுத்தது எவ்வளவு என்று கணக்கிட்டு எழுதிக்கொண்டு போனால் குருவும் தெளிவாக வழிசொல்ல முடியும்.

ஒருசந்தி, சுத்தபோசனம்: உடல்நிலை சரியில்லாதவருக்கும் கட்டாயமா?

ஒருசந்தி கட்டாயமான நாட்கள் இரண்டே: திருநீற்றுப் புதன், புனித வெள்ளி. வயது 18 நிறைந்ததிலிருந்து 59 நிறையும் வரை. ஒரு முழு உணவு, இரண்டு சிறிய உணவு. சுத்தபோசனம் (இறைச்சியைத் தவிர்ப்பது) 14 வயது நிறைந்ததிலிருந்து; மற்ற வெள்ளிக்கிழமைகளில் என்ன செய்வதென்று அந்தந்த நாட்டு ஆயர் பேரவை முடிவு செய்யும். நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஒருசந்தியிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். நாற்பது நாளும் பட்டினி என்பது சட்டமல்ல.

இன்சுலின் போடுபவரும், சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரை எடுப்பவரும் உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போகலாம். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் வந்தால் உடனே இனிப்பு எடுங்கள். அது நோன்பு முறிவு ஆகாது. மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு நோன்பு இருப்பதும், உணவை நிறுத்திவிட்டு மாத்திரை போடுவதும் இரண்டுமே ஆபத்து. அந்த நாட்களில் உணவுக்குப் பதில் வேறொன்றை விடுங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் அலுவலக மின்னஞ்சல் பார்ப்பதில்லை என்று தவக்காலம் முழுக்க இருந்து பாருங்கள், அது லேசான தபசு இல்லை.

காலைத் திருப்பலிக்கு முன் மாத்திரை போடலாமா?

தாராளமாக. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பைத் தண்ணீரும் மருந்தும் முறிக்காது (சட்டம் 919). அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பலி தொடங்கும் நேரத்திலிருந்து எண்ண வேண்டியதில்லை, நற்கருணை வாங்கும் நேரத்திலிருந்து எண்ணுங்கள். நோயுற்றவருக்கும் முதியவருக்கும் அவர்களைப் பராமரிப்பவருக்கும் அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை.

தைராய்டு மாத்திரை எடுப்பவருக்கு இது வசதியாகவே அமையும்: வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, 30 முதல் 60 நிமிடம் கழித்துத்தான் சாப்பிட வேண்டும். புறப்படும் முன் போட்டுவிட்டால் திருப்பலி முடியும்போது சாப்பிடும் நேரம் வந்துவிடும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை அதிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து உடலில் சரியாகச் சேராது.

மாதவிடாய் நாட்களில் நற்கருணை வாங்கலாமா, வாசகம் வாசிக்கலாமா?

வாங்கலாம், வாசிக்கலாம், பீடத்தில் பணிவிடை செய்யலாம். தடை எதுவும் திருச்சபைச் சட்டத்தில் இல்லை. இயற்கை தந்த ஒன்றுக்காகப் பெண்ணைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தக் கூடாது என்று ஆறாம் நூற்றாண்டின் முடிவில் திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரியாரே பதில் எழுதியிருக்கிறார். பன்னிரு ஆண்டு இரத்தப்போக்கோடு இயேசுவின் ஆடையைத் தொட்ட பெண்ணைத்தான் அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்.

எப்போதும் களைப்பு. பொறுமையோடு ஒப்புக்கொடுப்பதா, மருத்துவரைப் பார்ப்பதா?

இரண்டும், ஆனால் மருத்துவர் முதலில். அந்தப் பன்னிரு ஆண்டு நோயாளியும் மருத்துவர் பலரிடம் போய்ப் பார்த்தவர்தான் (மாற்கு 5:26).

மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து அது பல மணி நேரம் தொடர்ந்தாலோ, பெரிய இரத்தக் கட்டிகள் போனாலோ அது இயல்பான அளவல்ல. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாதீர்கள். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. ஆனால் அது குறையும் முன்பே உடலின் இரும்புக் கையிருப்பான ஃபெரிட்டின் இறங்கத் தொடங்கும். அதையும் தைராய்டு அளவையும் சேர்த்துக் கேளுங்கள். இரும்பு மாத்திரையைக் காப்பி, தேநீரோடு விழுங்கினால் பாதி வீண். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. எண் சரியானதும் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. கையிருப்பு நிரம்பப் பெரும்பாலும் மேலும் மூன்று மாதம் எடுக்கும்.

நீர்க்கட்டிக்கோ எண்டோமெட்ரியோசிஸுக்கோ ஹார்மோன் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பாவமா?

நோய்க்கு மருந்தாக எடுப்பதைத் திருச்சபை தடுக்கவில்லை. அதனால் கருத்தரிப்பு தடைபட்டாலும், அந்தத் தடையே நோக்கமாக இல்லாத வரை சரியே என்று 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடலின் 15ஆம் எண் சொல்கிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிட்டு வந்து குருவிடம் கேட்க வேண்டாம்.

பயணம், இரவு வேலை என்று இருக்கும்போது இயற்கைக் குடும்பத் திட்டம் சரிவருமா?

கருத்தரிக்கும் நாட்களை உடலின் அறிகுறிகளை வைத்துக் கண்டறியும் இந்த முறையில், வெப்பநிலையை மட்டும் நம்பினால் சரிவராது. கருமுட்டை வெளியான பின் காலை உடல் வெப்பம் முந்தைய ஆறு நாள் அளவைவிட ஏறக்குறைய 0.2 டிகிரி செல்சியஸ் ஏறி, மூன்று நாள் அப்படியே நிற்க வேண்டும். தூக்கம் கெட்டால், காய்ச்சல் இருந்தால், எழும் நேரம் மாறினால் இந்தச் சின்ன ஏற்றம் மறைந்துபோகும். தினமும் அளவைக் குறிக்கும் படத்தில் அந்த நாட்களுக்கு அடையாளமிட்டு ஒதுக்குங்கள். கருப்பைவாய்ச் சளியின் தன்மை தூக்க நேரத்தைப் பொறுத்து மாறாது, அதனால் பயணத்தில் அதையே முதலில் பாருங்கள். பயிற்சி பெற்றவரோடு குறைந்தது மூன்று சுழற்சி எழுதிப் பழகாமல் நம்பி இறங்க வேண்டாம். நீர்க்கட்டி உள்ளவருக்கும், பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களிலும் இன்னும் கவனம் தேவை. படம் எழுதும் வேலையைக் கணவரிடம் கொடுங்கள். இந்தப் பொறுப்பு இருவருடையது.

எந்தப் பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது?

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு 30 வயதிலிருந்து எச்.பி.வி. (அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனை, 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) தொடங்கும் வயது நாட்டுக்கு நாடு 40 முதல் 50 வரை மாறுகிறது. குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்தால் முன்னதாகவே கேளுங்கள். மார்பில் கட்டி தென்பட்டால் வலி இல்லை என்பதை வைத்துச் சமாதானம் ஆகாதீர்கள். செலி மார்ட்டினுக்கு மார்பில் வீக்கம் தெரிந்து பல ஆண்டுகள் கழித்து, 1876இன் இறுதியில் மருத்துவர் பார்த்தபோது அறுவைச் சிகிச்சைக்குக் காலம் கடந்திருந்தது. அடுத்த ஆகஸ்டில், 45 வயதில் இறந்தார். அன்று மருத்துவத்தால் முடிந்தது குறைவு. இன்று அப்படி இல்லை.

ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதத்தையே பரிசோதனை மாதமாகவும் வைத்துக்கொண்டால் மறக்காது.

செபத்தில் மனம் ஒன்றவில்லை. ஆன்மீக வறட்சியா, மாதவிடாய் நிற்கும் காலமா, மனச்சோர்வா?

செபம் மட்டும் வறண்டு, மற்றதெல்லாம் ருசியாகவே இருந்தால் அது ஆன்மீக வழிகாட்டியிடம் பேச வேண்டியது. வேலை, சாப்பாடு, பிள்ளைகளின் பேச்சு எல்லாமே சப்பென்று ஆகி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே. நாற்பதுகளின் நடுவில் தொடங்கும் மாற்றத்தில் இரவு வியர்வை, தூக்கம் கலைவது, பெயர்கள் மறப்பது, எரிச்சல் எல்லாம் வரும். நாலு மணிக்கு விழித்து, ஆறு மணிக்குக் கண்ணை மூடித் தியானித்தால் தூக்கம்தான் வரும். இந்தக் காலத்துக்கான ஹார்மோன் சிகிச்சைக்கு ஒழுக்க ரீதியான தடை இல்லை. உங்களுக்கு ஏற்றதா என்பது மருத்துவக் கேள்வி. நீண்ட மனச்செபம் வசப்படாத நாட்களில் ஒரு திருப்பாடலை வாய்விட்டுச் சொல்லுங்கள், அது போதும்.

படிக்க நேரமே இல்லை. எங்கே தொடங்குவது?

அடுத்த ஞாயிறு நற்செய்தியில். திங்களன்றே எடுத்து, பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கார்த்தூசியத் துறவி இரண்டாம் குயிகோ வகுத்த நான்கு படிகளில் போங்கள்: வாசிப்பு, தியானம், செபம், மௌனத்தில் தங்குதல். இருபது நிமிடம் இருந்தால் முதல் ஐந்தில் இருமுறை மெதுவாக வாசியுங்கள், மனதில் தைத்த ஒரு சொல்லோடு அடுத்த பத்து நிமிடம் இருங்கள், மீதியைச் செபத்துக்கும் மௌனத்துக்கும் விடுங்கள். கூட்டத்தில் பேசப் பயன்படும் கருத்து எதுவும் கிடைக்கிறதா என்று தேடிப் படிக்கத் தொடங்கினால் அந்த இடத்திலேயே அது அலுவலக வேலையாகிவிடும்.

அவிலா தெரசாள், நற்கருணை வாங்கிய நேரம் தவிர, பதினெட்டு ஆண்டுகள் கையில் புத்தகம் இல்லாமல் மனச்செபத்துக்கு அமரத் துணியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். பதினைந்துக்கும் மேற்பட்ட மடங்களை நிறுவி, வீடு வாங்கி, கடன் கேட்டு, வழக்குகளைச் சமாளித்தவர் அவர். 1970இல் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டார். மடங்கள் நிறுவியதைப் பற்றிய அவருடைய எழுத்து, நிர்வாகம் செய்பவருக்கு இன்றைய மேலாண்மைப் புத்தகங்கள் பலவற்றைவிடப் பயன்படும்.

அலுவலகத்தில் செபக் கூட்டம் வைக்கலாமா?

வைக்கலாம். வேலை நேரத்துக்கு வெளியே, வருகைப் பதிவு இல்லாமல், வராதவர் யார் என்று முதலாளி கவனிக்காமல்.

பெண்களுக்கான வாசிப்பு வட்டம் தொடங்க நினைக்கிறோம். எப்படி நடத்துவது?

ஆறு முதல் பத்துப் பேர், மாதம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம். ஒரு சந்திப்புக்கு 60 பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். முடிக்காதவர்கள் வெட்கப்பட்டு வராமல் நிற்பதால்தான் பல வட்டங்கள் மூன்றாம் மாதத்தில் கலைகின்றன. முடிக்காமலும் வரலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பக்தி நூல், வரலாறு, தொழில், உடல்நலம் என்று மாற்றி மாற்றி எடுங்கள். நடத்தும் பொறுப்பு மாதம் ஒருவருக்கு. அவர் மூன்று கேள்விகள் மட்டும் தயாரித்து ஒரு வாரம் முன்பே அனுப்ப வேண்டும். உறுப்பினர்களிடையே முதலாளியும் பணியாளரும் இருந்தால் முதலாளி கடைசியாகப் பேசட்டும். உடல்நலம் பற்றிய பேச்சில் ஒருவர் தம் நோயைச் சொன்னால் அது அறையை விட்டு வெளியே போகக் கூடாது. "இவருக்காகச் செபியுங்கள்" என்று குழுவில் பெயர் போட்டு அனுப்புவதாக இருந்தால் அவரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.